இரண்டேகால் மணி நேரத்துக்கு ஒரு கண்

பர்கூர் கிரானைட் பட்டறையில்
பிளேடு பல் ஒன்று தெறித்து
மூன்று வருஷமாகிறது.
வலது கண் அன்று சிவந்து, அப்புறம் வெளுத்து,
வெந்த மீனின் கண்ணாகிவிட்டது.
இடது கண்ணை வைத்துக்கொண்டு
அதே பட்டறை, அதே கூலி.

லண்டன்பேட்டை ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஷாயிஸ்தா
மூடிய இமைமேல் ஜெல்லியைத் தடவி
ஒலியை உள்ளே அனுப்பினார்.
வெளிச்சம் நுழைய முடியாத இடத்துக்குச்
சத்தம் போய்த் திரும்பி வந்து சொன்னது:
பின்சுவரில் திரை உரிந்து தொங்குகிறது.

சிக்கல் இதுதான், என்றார்.
திரையை ஒட்ட வேண்டுமானால் உள்ளே பார்க்கணும்.
பார்க்க ஜன்னல் தெளிவாக இருக்கணும்.
புது ஜன்னலை முதலில் வைத்தால்
உள்வேலை முடிவதற்குள் அது நலுங்கிப்போகும்.
அதனால் நடுவில் ஒன்றை வைப்போம்,
ஒரே மேசையில், ஒரே மயக்கத்தில்.

திம்மராயன் உடனே தலையாட்டினான்.
சென்ட்ரிங் அடிக்கிற ஆள்.
எனக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது.

அந்த நடுவில் வைத்தது நீ.

நர்ஸ் கௌசல்யா போனில் படம் காட்டினாள்:
சட்டைப் பொத்தான் அளவு,
ஓரத்தில் தைக்க ஓட்டைகள்.
பொத்தானேதான் என்று நினைத்தேன்.

சேலத்திலிருந்து ஐஸ் பெட்டி
பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததாம்.
தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து
ஒரு மணி நேரம் நின்றதாம்.
பெட்டிக்குள் இருந்த கண் யாருடையது என்று
சொல்லக்கூடாதாம்.
சேலத்துக்காரர் என்று பேர் வைத்து
வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன்.
உனக்கு யார் ஏற்றுவார்கள்?

என் வெள்ளையை வட்டமாக அறுத்தெடுத்தார்கள்.
கொஞ்ச நேரம் கண்
மூடியில்லாத பானை.
உன்னை வைத்துத் தைத்தார்கள்.
உன் வழியே டாக்டர் குனிந்து
மூன்று வருஷக் கலங்கலை உறிஞ்சி,
சுருண்டு கிடந்த திரையை நீவி விரித்து,
லேசரால் ஓரமடித்து,
எண்ணெய் நிரப்பினார்.
நான் மயக்கத்தில் கிடந்தேன்.
நீ விழித்திருந்தாய்.

உன் வழியே நான் ஒன்றையும் பார்க்கவில்லை,
ஒரு விளக்கை, ஒரு மூக்கைக்கூட.
உன் வழியே என்னைத்தான் பார்த்தார்கள்.

அப்புறம் உன் தையலைப் பிரித்து,
உன் இடத்தில் சேலத்துக்காரர்.
பதினாறு முடிச்சு.
டிரேயில் நீ விழுந்தபோது
சத்தம் கேட்டதா என்று கௌசல்யாவைக் கேட்டேன்.
"பிளாஸ்டிக்குங்கக்கா,
அதுல என்ன சத்தம்" என்றாள்.

பத்து நாள் குப்புறப் படுக்கை.
"சென்னம்மா, தலையைத் தூக்காதே."
இடது கண்ணால் மொசைக் சில்லுகளை எண்ணினேன்.
நானூற்றுப் பதினொன்றில் தூங்கிவிடுவேன்.
கூழ் பேக்டரிக்குப் போகிற
பெங்களூரா மாங்காய் லாரிகளின் வாசனை மட்டும்
நிமிர்ந்து நடந்து வார்டுக்குள் வந்தது.

டாக்டர் விரல் நீட்டினார். எத்தனை?
மூன்று.
இரண்டுதான்.
ஒரு அடி கிட்டே வந்தார். எத்தனை?
இரண்டு.
எண்ணெயை எடுக்கணும், என்றார்.
தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வருஷமாகும்.
கண் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.
திம்மராயன் எதற்கோ ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஆடியில் ஒரு ஞாயிறு
காவேரிப்பட்டணத்தில் ஒரு புது வீட்டுக்கு
சாப்பாடு கொண்டுபோனேன்.
முட்டு தட்டிப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
கூரை நின்றது.
கழற்றின பலகையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு
அண்ணாந்தேன்.

சிமென்டில் பலகையின் ரேகை
அப்படியே பதிந்திருந்தது.
மங்கலாகத்தான். ஆனால் ரேகை,
முடிச்சோடு, ஆணிக் குழியோடு.

"என்ன அப்படிப் பார்க்கிற" என்றான்.
"நாளைக்குப் பூசிடுவாங்க."